பம்புக்கு முழுப்பேர்

வெற்றிடம் என்பது பசித்த ஒரு பிராணி என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முழுமனதாக நம்பினேன். கண்ணாடிக் கலசத்துக்குள் இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் உறிஞ்சி எடுத்துவிட்டால், உள்ளே மிச்சமிருக்கும் அந்த ஒன்றுமில்லாதது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கலசத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், பக்கத்தில் நிற்கிற ஆளைச் சட்டை செருப்போடு இழுத்துக்கொள்ளும். இதுதான் என் விஞ்ஞானம். கலசத்தின் உயரம் என் இடுப்பு வரைதான். என்னை எப்படி மடித்து உள்ளே போடும் என்றுகூட யோசித்திருக்கிறேன். தலை முதலில் போகுமா, கால் முதலில் போகுமா என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருந்தது.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பயப்படுவதற்கு வயது ஒரு தடையில்லை.

கினிகத்தேனைக்கு மேலே மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அதன் மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய நீளமான கூடத்தில், ஒரு பல்கலைக்கழகம் தன்னுடைய பிரயோக பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு ஒரு கிளை வைத்திருந்தது. நான் அங்கே உதவியாளன். கூட்டுவது, துடைப்பது, பம்பைக் குளிர வைக்கும் குழாயில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பது, பயப்படுவது என்று நாலு வேலை. கடைசி வேலையை யாரும் கொடுக்கவில்லை, நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

கூடத்தை நடத்தியவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். 'கூப்பிட்டோம்' என்று எழுதுகிறேன், கூப்பிட இருந்தது நான் ஒருவன்தான். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். குள்ளம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். அது காணாமல் போய்விட்டது என்று மேசையெல்லாம் தேடுவார். தலையில் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். தேடும்போது அவர் முகத்தில் வரும் கோபம் பார்க்க நன்றாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை ஏழரை மணிக்கு அவர் என்னை "அண்ணே" என்றார். மனதுக்குள் நான் ஏதாவது கதை எழுத நினைத்திருந்தால் அது ஏழு முப்பத்தொன்றுக்கு முடிந்துவிட்டது.

அவரும் பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான். அதனால்தானோ என்னவோ, ஆய்வுகூடத்திலும் ஒரு பெரட்டு வைத்திருந்தார். தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். சாயந்தரம் செக்ரோல் புத்தகத்தில் அன்றைய பேர் விழும். கொழுந்து அளவுக்கு இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம். மிஸ் இதை அப்படியே மெஷின்களுக்குச் செய்தார். கையில் நீளமான ஒரு செக்ரோல். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி. அவர் பேர் கூப்பிட, கருவிக்குப் பக்கத்தில் நின்று அதைப் போட்டுப் பார்த்து நான் பதில் சொல்ல வேண்டும்.

"ரொட்டரி பம்ப்!"

"வந்திருக்கேன் மிஸ்!" என்பேன், சாராயம் குடித்தவன் குரலில். மேசைக்கடியில் கிடக்கும் அந்தப் பம்புக்கு அப்படித்தான் ஒரு இருமல்.

"டிஃபியூஷன் பம்ப்!"

"எண்ணெ இன்னும் சூடாகல மிஸ். அர மணித்தியாலம் குடுங்க."

"ஒசிலஸ்கோப்!"

"ஒரு கண்ணு தெரியல மிஸ்."

"தெரியும். அரப்பேரு."

"லேசர்!"

"ஈஈ... வந்திருக்கேன்..."

"அண்ணே, லேசருக்குத் தொண்ட கெடையாது. வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

நுண்தராசு, உலை, நைதரசன் குடுவை, மூடுபனி நாளில் இரண்டு வாளி தண்ணீர் குடிக்கிற ஈரம் உறிஞ்சும் பெட்டி என்று வரிசை போகும். கடைசி வரிக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்க்காமலே கூப்பிடுவார்.

"அண்ணன்!"

"வந்திருக்கேன் மிஸ்."

"சொந்தக் கொரலா?"

"சொந்தக் கொரல்தான் மிஸ்."

அப்போதுதான் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக நான் பொல்பிட்டிய மின்நிலையத்துக்கே குரல் கொடுத்திருப்பேன்.

அந்த ஒசிலஸ்கோப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் சொன்னேன். அலைகளைத் திரையில் காட்டும் கருவி அது. இரண்டு அலைகளைக் காட்ட வேண்டியது, ஒன்றைத்தான் காட்டியது. மிஸ் புத்தகத்தை மூடினார்.

"அந்த ஒரு பக்கம் எவ்வளவு சரியா காட்டுதுன்னு அளந்தீங்களா?"

"இல்ல மிஸ்."

"அளக்காமக் கழிக்காதீங்க அண்ணே."

இதுதான் அவருடைய வேதம். மழை பேய்மழை என்றால் 'எத்தன மில்லிமீட்டர்?' என்பார். குளிர் கொல்லுகிறது என்றால் சுவரில் தொங்கும் வெப்பமானியைக் காட்டுவார். ஒரு மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் எனக்குக் காய்ச்சல் என்று முனகிக்கொண்டு போனேன். உலையின் சூட்டை அளக்கிற கம்பியை எடுத்து என் அக்குளில் சொருகி, மீட்டரைப் பார்த்தார்.

"முப்பத்தாறு தசம் எட்டு. வாளியில தண்ணி நெறஞ்சிருக்கு. போய் ஊத்துங்க."

ஆயிரம் பாகை வரை அளக்கிற கம்பி அது. என் பொய்யின் சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இந்த வேதம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒரே ஒரு முறை சொன்னார். கலசத்துக்குள் தங்கம் ஏற்றிக்கொண்டிருந்தோம். அரிசி மணியில் பாதி அளவு தங்கத்தை, உள்ளே ஒரு சின்னக் கம்பித் தொட்டிலில் வைத்து மின்சாரம் கொடுத்தால், தொட்டில் அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்து, தங்கம் ஆவியாகி, மேலே கவிழ்த்து வைத்த கண்ணாடித் துண்டில் சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் படியும். அதற்குத்தான் அந்தப் பசித்த பிராணி. காற்று இருந்தால் தங்கம் போய்ச் சேராது. நான் கலசத்திலிருந்து எட்டடி தள்ளி, தூணுக்குப் பின்னால் நின்று உதவி செய்துகொண்டிருந்தேன். அவர் கலசத்தோடு ஒட்டி நின்றார், தணல் வெளிச்சம் கன்னத்தில் விழ.

"எங்கம்மா அன்னைக்குப் பதினெட்டுக் கிலோ எடுத்தாங்க. முழுப்பேருக்குச் சரியான எட. மழ நாளு. கணக்கப்பிள்ளை கூடைய ஒரு பார்வ பாத்துட்டு, தண்ணிக்கு ரெண்டு கிலோன்னு கழிச்சிட்டாரு. அரப்பேராயிருச்சு."

"அது எல்லாத் தோட்டத்துலயும் நடக்கிறதுதானே மிஸ்."

"எனக்கு ஒம்பது வயசு. மறுநா மழைக்குள்ள நானே போய் ஒரு கூட கொழுந்தப் பழைய சீலையில கொட்டி, தண்ணி உதிர உதிர ஒதறி, அந்தச் சீலையப் புழிஞ்சு போத்தல்ல ஊத்துனேன்."

"எவ்வளவு வந்துச்சு?"

"அரப் போத்தல்கூட வரல அண்ணே. கொண்டுபோய்க் காட்டுனேன். கணக்கப்பிள்ளை சிரிச்சாரு. 'புள்ள, இது எந்த ஊரு தராசு?'ன்னாரு."

அவ்வளவுதான் சொன்னார். கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்த தங்கக் கோடுகள் அந்தக் கேள்விக்கான பதில். அந்தத் துண்டைக் கொழுந்துக்கு நடுவே சொருகினால், இலையில் எவ்வளவு ஈரம் என்று மீட்டரில் எண் வரும். தராசுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டால் யாரும் கண்ணால் பார்த்துக் கழிக்க முடியாது. பெருந்தோட்டக்காரர்கள் சந்தோஷமாக வாங்குவார்களா என்று கேட்டேன். "மொதல்ல செஞ்சு காட்டுவோம்" என்றார்.

செய்து காட்ட வேண்டிய நாளும் வந்தது. மலையில் எதற்கு ஒரு ஆய்வுகூடம் என்று கீழே பல்கலைக்கழகக் கெம்பஸில் சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூடுபனி வருகிறது, இடி விழுகிறது, கரண்ட் போகிறது, கருவிகளை இறக்கிக்கொண்டு வந்துவிடலாமே என்று. ஒரு கொமிட்டி வந்து பார்த்து முடிவு சொல்லும் என்றார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணி. அவர்கள் திருப்திப்பட்டால் கூடம் இங்கேயே நிற்கும், மிஸ் தன் கோடுகளை முடிப்பார். இல்லாவிட்டால் லொறி வரும்.

திங்கட்கிழமை பெரட்டு முடிந்ததும் மிஸ் சொன்னார்: "வியாழக்கெழம நம்ம பெரட்டு பத்து மணிக்கு அண்ணே. கொமிட்டிக்கு முன்னால. நீங்க நிக்கணும்."

"டீ ஊத்தவா மிஸ்?"

"டீய நான் ஊத்திக்கிறேன். நீங்க பேருக்குப் பதில் சொல்லணும்."

"லேசருக்குமா?"

"லேசருக்கு வேணாம்."

கொமிட்டிக்குக் காட்ட வேண்டிய கடைசிக் கண்ணாடித் துண்டுக்கு அன்றைக்குத்தான் தங்கம் ஏற்றினோம். மத்தியானம் முடிந்தது. அது ஆறும்வரை கலசத்திலேயே இருக்கட்டும் என்று மிஸ் கீழே காரியாலய அறைக்குப் போனார். நான் மேலே தனியாக, தூணுக்குப் பின்னால், என் வழக்கமான பதவியில் இருந்தேன்.

மூன்று மணிக்கு வானம் அடுப்புக்கரியாக இருண்டது. சித்திரை மாதத்து இடி எங்கள் பக்கத்தில் முன்னறிவிப்புச் செய்யாது. ஒரே அடி. தகரக்கூரை அதிர்ந்தது. கரண்ட் போனது. ரொட்டரி பம்ப் இரண்டு இருமல் இருமி நின்றது.

அந்த நிசப்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிராணியைக் கட்டியிருந்த சங்கிலி அறுந்துவிட்டது என்று என் விஞ்ஞானம் சொன்னது. கலசம் வெடிக்கப்போகிறது. மிஸ் படியேறி வந்துகொண்டிருப்பார். வந்தால் முதலில் அவரைத்தான் இழுக்கும். ஆளும் சின்ன ஆள், மடிக்க வேண்டிய வேலைகூட இருக்காது.

ஓடினேன். தூணிலிருந்து கலசத்தை நோக்கி ஓடினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். என் வீரத்துக்கு இது ஒன்றுதான் சாட்சி. மேசைக்கடியில் இரண்டு குழாய்த் திருகுகள். ஒன்றில் சிவப்புத் துணி, மற்றதில் நீலத் துணி கட்டியிருக்கும். சிவப்பை, டிஃபியூஷன் பம்பின் எண்ணெய் சூடாக இருக்கும்போது உயிரே போனாலும் திறக்கக்கூடாது. எண்ணெய் கருகும், எல்லாம் நாசம். கரண்ட் போனால் உடனே நீலத்தைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ரொட்டரி பம்பின் எண்ணெய் மேலே கலசத்துக்கு ஏறிவிடும். மிஸ் இதை எனக்கு நூறு முறை சொல்லியிருந்தார், நானும் நூறு முறை ஒப்பித்திருந்தேன். ஆனால் இருட்டில் சிவப்பும் கறுப்பு, நீலமும் கறுப்பு. கைக்கு அகப்பட்டதைத் திருகினேன்.

'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு. பாம்பு இல்லை, பாம்புக் கூட்டம். பின்னாலேயே எண்ணெய் வாடை மூக்கில் அடித்தது.

சிவப்பைத் திறந்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துபோனது. எப்படித் தெரிந்தது? தெரிந்தது, அவ்வளவுதான். எண்ணெய் கருகிவிட்டது, பம்ப் போய்விட்டது, தங்கம் போய்விட்டது, வியாழக்கிழமை போய்விட்டது. சுவரில் அழுத்தமானி தொங்கியது, பக்கத்திலேயே டொர்ச்சும் தொங்கியது. நான் இரண்டையும் எடுக்கவில்லை. முன்படியில் மிஸ்ஸின் காலடியும் "அண்ணே! அண்ணே!" என்ற குரலும் கேட்டன. நான் பின்படியில் இறங்கினேன்.

அதற்குப் பிறகு என் கால்களுக்கு நான் பொறுப்பில்லை. மழையில் ரோட்டுக்கு வந்தேன். வந்த பஸ்ஸில் ஏறினேன். சிவனொளிபாதமலைக்குப் போகும் யாத்திரிகர் பஸ் அது. மலையடிவாரத்தில், நல்லதண்ணியில், சித்தப்பா மகன் ஒருவன் யாத்திரை சீசனுக்குப் பொரிகடலையும் குல்லாவும் விற்றுக்கொண்டிருந்தான்.

"என்னடா, கைய வீசிக்கிட்டு வந்திருக்க?"

"வேல செய்ற லெப்ப ஒடச்சிட்டேன்டா."

"எவ்வளவு ஒடஞ்சிச்சு?"

"முழுசா."

"பாத்தியா?"

"பாக்க வேற வேணுமா?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு குல்லாவைத் தலையில் மாட்டி, கடையில் உட்கார வைத்தான்.

கைபேசி அடித்தது. மிஸ். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. திட்டுவதற்குத்தான் என்று தெரியும். அவர் என்னைத் திட்டியதே இல்லை, அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. சத்தத்தை அணைத்துக் கடலை மூட்டைக்கடியில் வைத்தேன். வியாழக்கிழமை காலை, கொமிட்டி வரும் நேரத்துக்கு, சிவனொளிபாதமலை உச்சியில் நின்றேன். அங்கே ஒரு மணி உண்டு. எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். எனக்கு அது ஆறாவது முறை. பம்ப் பிழைக்க வேண்டும் என்று அடித்தேன், கலசம் பிழைக்க வேண்டும் என்று அடித்தேன், ஒசிலஸ்கோப்பின் மற்றக் கண்ணுக்காகவும் அடித்தேன். பின்னால் நின்ற சிங்கள அம்மா ஒருவர், நான் அறுபது முறை ஏறிய மகான் என்று நினைத்துக் கும்பிட்டார்.

இறங்கி வந்து மூட்டைக்கடியில் பார்த்தேன். பதினேழு அழைப்புகள். திருப்பி எடுக்கவில்லை. இரண்டு நாள் ஒளிந்திருக்க வந்தவன், சீசன் முடிந்து கடை பிரிக்கும்வரை இருந்தேன்.

வெசாக் பண்டிகைக்குப் பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தபோது மாடிக் கதவில் பூட்டு. ஜன்னல் இடுக்கால் எட்டிப் பார்த்தேன். கூடம் காலி. தரையில் மேசைகளை இறுக்கியிருந்த மரை ஆணிகள் வரிசையாகத் தலைநீட்டி நின்றன, கொழுந்து கிள்ளிய செடிபோல. பம்ப் கிடந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் வட்டமாக இருந்தது. அந்தக் கறைதான் என் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கினிகத்தேனையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். சுற்றி முடித்த மோட்டார் ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிடாமல் வாடிக்கையாளரிடம் கொடுக்க முடிவதில்லை. மனைவி கேட்டால் தொழில் ரகசியம் என்பேன். மழை நாளில் கொழுந்து நிறுக்கும் இடத்தைத் தாண்டிப் போனால், கூடையைப் பார்த்துத் தண்ணிக்குக் கழிக்கிற சத்தம் இன்றைக்கும் கேட்கிறது. கண்ணால்தான் பார்க்கிறார்கள். அப்போதெல்லாம் தலையைக் குனிந்து நடப்பேன்.

போன மாதம் அக்கா மகளுக்குக் கெம்பஸ் கிடைத்தது. பெட்டி தூக்க நான் போனேன். அவள் பதிவுக்கு வரிசையில் நிற்க, நான் நிழல் தேடி ஒரு நடைக்குள் நுழைந்தேன். கதவு திறந்திருந்த ஓர் அறையில் யாரோ கூப்பிட்டார்கள்.

"ரொட்டரி பம்ப்!"

மேசைக்கடியிலிருந்து அந்த இருமல் கேட்டது. சத்தியமாக அதே இருமல். 'வந்திருக்கேன் மிஸ்' என்று என் தொண்டை வரை வந்துவிட்டது.

உள்ளே நடுவயதுச் சிங்கள உத்தியோகத்தர் ஒருவர், கையில் செக்ரோலுடன் நின்றார். மோட்டார் வேலை தெரிந்தவன், பம்ப் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன் என்று சிங்களத்தில் சொன்னேன். ஆள் நல்லவர், உட்கார வைத்தார். மலையிலிருந்து இறக்கிய கருவிகள் இவை, அங்கே இருந்த மிஸ்தான் இந்தப் பெரட்டைப் பழக்கிவிட்டுப் போனார், சில வருடம் இங்கே இருந்துவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்றார். 'அரைப்பேர்' என்பதை மட்டும் தமிழிலேயே சொன்னார்.

மலையிலிருந்த காலத்துப் பழைய செக்ரோலும் அலுமாரியில் இருந்தது. அந்தச் சித்திரை மாதத்தைப் புரட்டினேன். திங்கட்கிழமை. ரொட்டரி பம்ப், முழுப்பேர். டிஃபியூஷன் பம்ப், முழுப்பேர். கலசம், முழுப்பேர். கண்ணாடித் துண்டு, முழுப்பேர். கடைசி வரியில் அந்த உருண்டைக் கையெழுத்து: 'அண்ணன் – முழுப்பேர். கரண்ட் போனதும் நீலத் திருகைத் திறந்தார். பம்ப் எண்ணெய் மேலே ஏறவில்லை.'

செவ்வாய், அண்ணன் வரி வெறுமை. புதன், வெறுமை.

"இது என்ன மெஷின், அண்ணன்?" என்று கேட்டேன். என் நாக்கு அந்த நேரத்திலும் திருந்தவில்லை.

"மெஷின் இல்லை, ஆள்" என்றார். "கொமிட்டியோடு அன்றைக்கு நானும் போயிருந்தேன், சாமான் தூக்க. கருவி எல்லாம் வேலை செய்தது. அந்தத் துண்டை ஈரக் கொழுந்தில் சொருகிக் காட்டினார், எண் சரியாக வந்தது. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். மிஸ் இல்லாத நாளில் இதை நடத்த இந்த ஊரில் ஆள் இருக்கிறதா என்று. இருக்கிறார், இடி விழுந்த அன்று பம்பைக் காப்பாற்றியவரே அவர்தான் என்று மிஸ் சொன்னார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு அந்தப் பேரைக் கூப்பிட்டார். மூன்று தரம் கூப்பிட்டார்."

வியாழக்கிழமை வரியைப் பார்த்தேன். 'அண்ணன் – வரவில்லை.'

பழைய கைபேசியை வீட்டில் இன்னும் வைத்திருக்கிறேன். வந்து தேடிப் பார்த்தேன். அந்தப் பதினேழு அழைப்புகளில் கடைசியானது வியாழக்கிழமை காலை ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் எதுவும் உடையவில்லை. பத்து மணிப் பெரட்டில் மிஸ் என் பேரைக் கூப்பிட்டபோது, நான் மலையுச்சியில் மணி அடித்துக்கொண்டிருந்தேன்.